இல்லாத பிரேக்

பட்டை பிடித்துவிட்டது. சவுந்தரபாண்டியன் இடது கையை அசையாமல் தொடைமேல் வைத்துக்கொண்டு, நல்லதாக ஏதாவது நினைக்க வேண்டுமே என்று அவசர அவசரமாகத் தேடினார். சட்டைக் கைக்குள் சுற்றியிருந்த கறுப்புப் பட்டை காற்றை வாங்கி உப்பியது. இடுப்பு பெல்ட்டில் தொங்கிய சின்னப் பெட்டி உர்ரென்றது. நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட மெஷின் இது. இன்று மத்தியானம் போய்க் கழற்றுகிற வரைக்கும் அரை மணிக்கொரு தரம் இப்படிக் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்க்கும், பார்த்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், இவரிடம் மூச்சுவிடாது. பிடிக்கும்போது பேசக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, மற்றபடி வழக்கம்போல இருங்கள் என்று மாட்டிவிட்ட பெண் சொன்னாள். வழக்கம்போல இருப்பதாம். அவருடைய வழக்கம் தெரியாத பெண், பாவம். நல்லதாக என்ன நினைப்பது? குற்றாலத்து அருவியை நினைத்தார். அருவி நன்றாகத்தான் விழுந்தது, அடியில் மனைவி தவமணி நின்றாள், தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தாள், அவள் காலடியில் பாறை பச்சையாகப் பாசி பிடித்திருந்தது, ஐயோ, அருவி வேண்டாம். பேரனை நினைத்தார். மகள் ஷர்மிளா பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், பிள்ளை வழுவழுவென்று கைக்குள் நெளிகிறது, கையெல்லாம் சோப்பு, பிடிம்மா, கெட்டியாகப் பிடி. பட்டை புஸ்ஸென்று காற்றை விட்டது. போச்சு. இதுவும் ஏறித்தான் இருக்கும். ராத்திரி முழுக்கப் பிடித்ததெல்லாம் ஏறியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் கண் விழித்து வரவேற்றவரல்லவா.

அமைதியாக இருப்பதற்கு அவர் செய்த ஏற்பாடு கொஞ்சநஞ்சமல்ல. நேற்றே எல்லா வகுப்புகளையும் நிறுத்திவிட்டார். காப்பி கிடையாது, டிவி கிடையாது, உப்புக் குறைத்த மோர்ச்சோறு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இரண்டு வேளை வெள்ளரிக்காய். இப்போது பயிற்சிப் பள்ளியின் ஒற்றை அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் போக்குவரத்துக் குறிகள் வரைந்த பலகை. அபாயகரமான வளைவு, வழுக்கும் சாலை, கல் விழும் பகுதி, எல்லாமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடப் போகிற பிள்ளைகளிடம் காலகாலமாக அவர் ஒன்று சொல்லுவார்: இன்ஸ்பெக்டர் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டு. தெருவில் லாரிக்கு நடுவே அலட்டாமல் ஓட்டுகிறவன் அந்த மைதானத்தில், இன்ஸ்பெக்டர் கையில் பேனாவைப் பார்த்ததும், காலை எங்கே வைப்பதென்று மறந்துபோவான். அவனைப் பார்த்து எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அவருடைய இன்ஸ்பெக்டர் அவர் கையையே சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இல்லை என்று எப்படி நினைப்பது?

ஆஸ்பத்திரியில் பார்த்த இரண்டு முறையும் ஏறியிருந்தது. நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் உட்காருங்க என்று சொல்லி மறுபடி பார்த்தால், அது முன்னைவிட மேலே போய் நின்றது. மற்றதெல்லாம் பொருந்திவிட்டது. ரத்த வகை சேர்ந்தது, சர்க்கரை இல்லை, இரண்டு சிறுநீரகமும் ஜோராக வேலை செய்கின்றன, ஒன்றை எடுத்துத் தவமணிக்கு வைத்துவிடலாம். "உங்களுக்கே பிரஷர் இருந்தா உங்க கிட்னியை நாங்க எடுக்க முடியாது சார். மிச்சம் இருக்கிற ஒண்ணு பின்னாடி உங்களுக்கு வேணும்ல" என்றார் டாக்டர். மகள் வயதுதான் இருக்கும். "சில பேருக்கு ஆஸ்பத்திரி வாசப்படி ஏறினாலே ஏறும். இது பிரஷரா, பயமான்னு ஒரு நாள் மெஷின் மாட்டிப் பார்த்துருவோம். சரியா இருந்தா மேற்கொண்டு போவோம். இல்லேன்னா வேற ஆள்தான்." வேறு ஆளுக்கு எங்கே போவது? ஷர்மிளா கைக்குழந்தைக்காரி, ரத்த வகையும் சேரவில்லை. தவமணியின் தம்பி ஆரம்பத்தில் மார்பில் தட்டிக்கொண்டு, "அக்காவுக்கு உசுரையே குடுப்பேன்" என்றான். உயிர் வேண்டாமப்பா, ஒரு கிட்னி போதும் என்று பரிசோதனைக்குத் தேதி வாங்கியதும் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, அக்கா வீட்டுப் பக்கம் வரமுடியாதபடிக்கு அடிக்கிறது. அவனை நினைத்தால் சவுந்தரபாண்டியனுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிக்கிற இடத்தில்தான் அந்த முள் தைக்கும். மச்சினனுக்கு வந்தது காய்ச்சல், தனக்கு வந்தது பிரஷர், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வாய் தருகிறேன் தருகிறேன் என்கிறது, உடம்பு மாட்டேன் என்று சொல்கிறதோ? இல்லை, அப்படி இல்லை, சத்தியமாக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லும்போதே நெஞ்சு படபடக்கும், படபடப்பதைப் பார்த்து இன்னும் பயம் வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "நீ கவலைப்படாத, என்ன ஆனாலும் என்னுதைக் குடுத்தே தீருவேன்" என்றார். தவமணி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தாள், "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தப் பார்ப்போம் அன்றிலிருந்து அவர் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது.

அவள் காலைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் இடப்பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் பதறினால் இந்தப் பக்கமிருந்து அமுக்கிக்கொள்ளலாம். கல்யாணமான வருஷத்திலிருந்து சவுந்தரபாண்டியனின் வலது கால் அந்த பிரேக்கின் மேலேயே வளர்ந்தது. காரை விட்டு இறங்கினாலும் அது இறங்குவதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் டிரைவருக்கு முன்னால் இவர் பிரேக் போடுவார், முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். ஷர்மிளா கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரத்தில் மணமேடைப் பலகை கிரீச்சென்றது, பார்த்தால் இவர் கால். டயாலிசிஸ் சென்டரில் தவமணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் தையல் மெஷின்காரர்போலத் தரையை மிதித்துக்கொண்டே இருப்பார். "இங்க எந்த வண்டியும் ஓடலைங்க, காலை எடுங்க" என்பாள் தவமணி. எடுப்பார். பேச்சு வேறு பக்கம் போனதும் கால் மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லாத பிரேக்கை எத்தனை மிதித்தாலும் எதுவும் நிற்பதில்லை. பஸ் போய்க்கொண்டேதான் இருந்தது, மகள் போனாள், தவமணியின் சிறுநீரகங்கள் அவர் மிதிக்க மிதிக்கவே சுருங்கிப்போயின.

கதவைத் தட்டுகிற சத்தம். இன்றைக்கு யார்? திறந்தால் ரமீஜா, கறுப்பு பர்தாவும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றாள். கணவர் துபாயில் இருந்து பணம் அனுப்பி வாங்கிய புது கார் வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள், எதிரே சைக்கிள் வந்தால்கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அல்லாவிடம் கையேந்துவாள். "வகுப்பு இல்லைன்னு சேதி அனுப்பினேனேம்மா." "போனு மக கிட்டல்ல சார் இருக்கு. அவ சொல்லலியே." ரமீஜா அவர் கழுத்தோரம் எட்டிப் பார்த்த குழாயைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா, என்னா சார் இது?" அவர் சொல்ல ஆரம்பிக்குமுன் போன் அடித்தது. தவமணி. டயாலிசிஸ் கட்டிலில் இருந்துதான் பேசினாள், பின்னால் மெஷின்கள் கீச்சுக்கீச்சென்று கத்தின. "என்னங்க, ரமீஜா வந்துச்சா? அதுக்கு நாளைக்கழிச்சு டெஸ்ட்டு." "இன்னைக்கு எப்படி தவமணி? கையில இது இருக்கு. நான் அமைதியா உக்காந்திருக்கேன்." "அமைதியா உக்காந்து என்னத்தைக் கிழிச்சீங்க? ராத்திரி பூரா நீங்க உருண்டதுல எனக்குத் தூக்கம் போச்சு. அந்தப் பொண்ணு வழக்கம்போல இருங்கன்னுதான சொல்லுச்சு? வண்டியை எடுங்க. முடிச்சிட்டு இங்கிட்டு வந்து என்னையும் ஏத்திக்கங்க, அப்படியே போயி அதைக் கழட்டிருவோம்." வைத்துவிட்டாள். அவள் பேரில்தான் பள்ளி, போர்டில் கொட்டை எழுத்தில் தவமணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்றுதான் இருக்கிறது, முதலாளி சொன்னபின் என்ன செய்வது? சாவியை எடுத்துக்கொண்டார். இருந்த கொஞ்ச வாய்ப்பும் போய்விட்டது, ரமீஜாவோடு தெருவில் போனால் மெஷினே வெடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், வலது கால் பிரேக்கின் மேல் போய்ச் சேர்ந்தது. பிரேக் பாதத்தைத் தொட்டது. மிதித்துப் பார்த்தார், மிதித்த இடத்தில் கனமாக நின்றது. ரமீஜா பிஸ்மில்லா சொல்லி முதல் கியரைப் போட்டாள், கார் ஒரு குலுங்கு குலுங்கித் தெருவில் இறங்கியது. "பைய, பைய. அவசரமில்ல. அவங்க ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், அவங்க ஹாரன், அவங்க கை." வாய் தானாகப் பேசியது, வருஷக்கணக்காய்ப் பேசிப் பழகிய வாய். காலைவெயில் இன்னும் சுடவில்லை. பூக்கடைக்காரி தெருவில் தண்ணீர் தெளித்திருந்தாள், மண்வாசனையும் மல்லிகையும் சேர்ந்து ஜன்னல் வழியாக வந்தன. வடைக்கடையில் முதல் ஈடு எண்ணெயில் விழுந்தது. ஒரு மாடு நடுரோட்டில் யோசனையாக நின்றது, ரமீஜா "சார் சார்" என்றாள், அவர் லேசாக அமுக்கினார், கார் மாட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "நல்லா நிப்பாட்டினம்மா." "நானா சார் நிப்பாட்டினேன்?" "வேற யாரு?" இதுதான் அவர் பிழைப்பில் இருக்கிற ஒரே பொய், இதைச் சொல்ல அவருக்கு எப்போதும் பிடிக்கும். மாடு போனது, கார் போனது, எண்ணம் அதன்பாட்டுக்குப் போனது.

டாக்டர் தாளில் போட்டுக்காட்டிய படம் நினைவுக்கு வந்தது. அவரைக்கொட்டைபோல ஒரு சிறுநீரகம், அதன் தலையில் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு சுரப்பி. மூளை மிரண்டதும் தொப்பிக்குச் சேதி போகிறதாம், தொப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறதாம், நெஞ்சு அடித்துக்கொள்ள, ரத்தக்குழாய்கள் இறுக, பிரஷர் ஏறுகிறதாம். பயம் வந்துபோகாமல் அங்கேயே தங்கிவிட்டால் கார்டிசால் என்று இன்னொன்று ஊறி ஊறித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம், சர்க்கரையை ஏற்றுகிறதாம், உடம்பு நோயோடு மல்லுக்கட்டுகிற தெம்பைக் குறைக்கிறதாம். "நிஜமா லாரி வந்தாலும் சரி, லாரி வருதுன்னு நீங்க நினைச்சாலும் சரி, உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் டாக்டர். அதைக் கேட்டு சவுந்தரபாண்டியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஜென்மத்தில் எத்தனை லாரியை நினைத்திருப்பார். மோதாத லாரி, விழாத பாறை, நழுவாத பிள்ளை, அத்தனையும் அவர் ரத்தத்துக்குள் மோதி, விழுந்து, நழுவியிருக்கின்றன. இது தெரியாமல், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று நாள்தோறும் பெருமூச்சு விட்டிருக்கிறார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "கிட்னியை எடுக்கும்போது அந்தத் தொப்பியும் கூடவே வந்துருமா டாக்டர்? என் பயமெல்லாம் இவளுக்குப் போயிருமா?" டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தொப்பி உங்ககிட்டயேதான் சார் இருக்கும். கிட்னி மட்டும்தான் போகும்." "அப்பாடி" என்றாள் தவமணி. "அவரு பயம் அவருக்கே இருக்கட்டும் டாக்டர், அதை வச்சுத்தான் பொழப்பு நடக்குது." மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிந்த கையோடுதான் நர்ஸ் பட்டையைக் கட்டினாள், அப்போதும் ஏறியிருந்தது.

"சார், கையில என்னமோ சத்தம் வந்துச்சே." ரமீஜா சொல்லித்தான் தெரிந்தது. பட்டை பிடித்து, விட்டுவிட்டும் போயிருக்கிறது. எப்போது பிடித்தது? நல்லதாக எதுவும் நினைக்கவில்லையே. என்ன நினைத்துக்கொண்டிருந்தார், தொப்பியையா, வடையையா? கையை ஆட்டினாரா, பேசினாரா? பேசியிருந்தால் அந்த எண் செல்லாதே. இல்லை, பேசவில்லை, எதிரே மினிபஸ் ஏறி வந்தது, வாயை மூடிக்கொண்டு காலை மட்டும் வைத்திருந்தார். அது நினைவிருக்கிறது. அப்படியென்றால் ஒரு மினிபஸ் முகத்துக்கு நேரே வந்த சமயத்தில் அவர், எப்படிச் சொல்வது, சும்மா இருந்திருக்கிறார். மின்விசிறிக்குக் கீழே கிடைக்காதது மினிபஸ்ஸுக்கு முன்னால் கிடைத்திருக்கிறது. ஏன்? வலது காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல் லேசாக, அமுக்காமல், பூனை படுத்த மாதிரி கிடந்தது. அடடே. உலகத்திலேயே இந்த ஒரு இருக்கையில்தான் அந்தக் காலுக்குக் கீழே நிஜமான பிரேக் இருக்கிறது. மிதித்தால் நிற்கும் என்று அதற்குத் தெரியும், அதனால் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கிடக்கிறது. சவுந்தரபாண்டியனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. நிறைந்த மறு நிமிஷமே, ஐயோ, இவ்வளவு நிம்மதியாக இருக்கலாமா, அங்கே அவள் ஊசியோடு படுத்திருக்கிறாளே என்று அவருக்குள்ளிருந்த பழைய பயந்த ஆள் எட்டிப் பார்த்தார். ஆனாலும் கால் அசையவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் எப்படி இவ்வளவு வருஷம் பயப்படாமல் இருந்தாள் என்பது அவருக்கு விளங்கியதே இல்லை. ஷர்மிளாவுக்குச் சுரம் வந்தால் இவர் தெருவையே எழுப்புவார், அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, நீங்க போய்ப் படுங்க என்பாள். கடைசியில் பிரஷர் இருந்தது அவளுக்குத்தான். வெளியே ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்காக உள்ளே ஏறிக்கிடந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. பயத்தை நான் வெளியே கொட்டினேன், அவள் உள்ளே வைத்துக்கொண்டாளோ? நான் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தேன், தேய்ந்தது அவளோ? டாக்டரிடம் அதையும் கேட்டிருந்தார். "அப்படி ஒத்தைக் காரணம் சொல்ல முடியாது சார். அவங்க அம்மாவுக்கும் இருந்திருக்கு, பரம்பரையா இருக்கும். உங்களை நீங்களே போட்டு வாட்டிக்காதீங்க" என்றார். சொல்வது சுலபம். வாட்டிக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம். "சார், லெஃப்டா, ரைட்டா?" "லெஃப்ட்டு. இண்டிகேட்டரைப் போடு. அது வைப்பர்ம்மா." வெயில் பளிச்சென்று அடிக்கையில் கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது, நடந்துபோன ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சவுந்தரபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். ரமீஜாவும் சிரித்தாள், சிரித்தபடியே இடப்பக்கம் திருப்பினாள், அழகாகத் திரும்பியது.

தவமணி சென்டர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவள் முகம் துவைத்துப் பிழிந்த துணிபோல இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான், ஆனாலும் ரமீஜா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கண்ணில் குறும்பு வந்துவிட்டது. "இன்னைக்கு எனக்கு டிரைவரம்மாவா? பரவாயில்லையே." "அக்கா, நான் வேணா இறங்கிக்கறேன், சார் ஓட்டட்டும்." "அவரு கையில மெஷினு ஓடுது, நீயே ஓட்டு. உசுரு போனா மூணு பேருக்கும் சேர்ந்து போகட்டும்." பின் இருக்கையில் நடுவில் சரிந்து உட்கார்ந்து, இடது கையை இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே நீட்டினாள். தினமும் நடக்கிற காரியம் இது. டயாலிசிஸுக்காக அவள் முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். அது ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அந்த வேலை அவருடையது. ஊசி போட்ட கட்டுக்குச் சற்று மேலே வலது உள்ளங்கையை வைத்தார். ஓடியது. நியூட்ரலில் நிற்கிற நல்ல வண்டியின் போனட்டைத் தொட்ட மாதிரி, ஒரே சீராக, சூடாக ஓடியது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி போகும் வழியில் ரயில்வே கேட் சாத்திவிட்டது. "ஹேண்ட் பிரேக் போட்டு இஞ்சினை அணைச்சிரும்மா" என்றார், ரமீஜா அணைத்தாள். நம்மூர் கேட் சாத்தினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். இவர்கள் பக்கம் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு ஆட்டோவும் டூவீலரும் வந்து நிரம்பின, அந்தப் பக்கமும் அதேபோல, கேட் திறந்ததும் இரண்டு படைகளும் நேருக்குநேர் மோதித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ரமீஜா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். கூட்ஸ் வண்டி வந்தது, வந்துகொண்டே இருந்தது, மூடிய பெட்டிகள், திறந்த பெட்டிகள், ஒரு பெட்டியில் நிலக்கரிமேல் காக்கை. இஞ்சின் சத்தம் இல்லாத காருக்குள் அவர் உள்ளங்கைக்குக் கீழே மட்டும் அந்த அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. இதற்குத்தான் இவ்வளவு பாடா என்று தோன்றியது. அவருக்குள் ஒன்று இருக்கிறது, அவளுக்குள் அதை வைக்க இடம் இருக்கிறது. நடுவில் ஒரு பட்டையும் ஒரு பெட்டியும். தருவேனா மாட்டேனா என்று உடம்பைக் குடைந்து குடைந்து கேட்டதெல்லாம் யாரோ வேறு ஆள் கேட்டதுபோல இருந்தது. கேட்டால்தானே உடம்பு பதறுகிறது. கேட்காமல் விட்டால் கை தானாகப் போய் அவள் கைமேல் உட்கார்ந்துகொள்கிறது. கடைசிப் பெட்டி போனது. கேட் மேலே எழும்பியது. அந்த நேரம் பார்த்து பட்டை பிடித்தது.

நாலா பக்கமும் ஹாரன் கிழித்தது. "சார், எடுக்கவா? சார்? என்னா பண்ணட்டும் சார்?" அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து தவமணி, "ஷ், அவரு பேசக் கூடாதும்மா. நீயே எடு" என்றாள். "நானாக்கா? ஒத்தையிலயா?" "நீதான். ஒண்ணும் ஆகாது." ரமீஜா சாவியைத் திருகினாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். கிளட்சை விடுகிறாள், இன்னும் பைய, ஆங், அப்படித்தான் என்று சவுந்தரபாண்டியன் மனசுக்குள் சொன்னார். ஒரு ஆட்டோ மூக்கை நுழைத்தது, ரமீஜா நின்று விட்டுக்கொடுத்தாள். எதிர்ப்படை பைக்குகள் இரண்டு பக்கமும் உரசிப் போயின. பட்டை இறுகி, அவர் நாடி பட்டைக்குள் தொம் தொம்மென்று அடித்தது, வலது உள்ளங்கையில் அவளுடையது ஓடியது, எது யாருடையது என்று கொஞ்ச நேரம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கார் தண்டவாளத்தில் ஏறி, தடக்கென்று குலுங்கி, அணையாமல், அந்தப் பக்கம் இறங்கியது. பட்டை காற்றை விட்டது. "தாண்டிட்டேன்!" என்று ரமீஜா கத்தினாள். "சார், நீங்கதான பிரேக்கைப் பிடிச்சீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் பதில் சொல்லுமுன் தவமணி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நுழைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உங்க காலைப் பாருங்க." பார்த்தார். அவருடைய பிரேக்கும் கிளட்சும் ஆளில்லாமல் நின்றன. வீட்டில் சோறு தின்றுவிட்டுச் சுவரில் சாய்கிறபோது வைத்துக்கொள்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலை எடுத்ததற்காகப் பயம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. தவமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எந்தம்பியும் வாயாலதான் சொன்னான். நீங்களும் வாயாலதான் சொன்னீங்க. பாவம், பயந்த மனுசன், எனக்காகச் சரின்னு சொல்றாரு, பயத்தோட குடுத்தா எப்படி வாங்குறதுன்னுதான் நான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன். மெஷினு என்னத்தைச் சொல்லுதோ சொல்லட்டும், ஏறியிருக்குன்னா மறுபடி மாட்டிக்கிட்டு வண்டியில உக்காருங்க. இந்தக் காலு எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லை." இன்னொரு கையை அவர் கைமேல் வைத்தாள். "குடுங்க. வாங்கிக்கிறேன்."

சவுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க வேண்டுமென்றால் அவள் கைமேல் இருந்த கையை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. முன்னால் ரமீஜா கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "சார், லெஃப்டா, ரைட்டா?" என்று கேட்டாள். "நேராப் போம்மா" என்றார் அவர். "நீ நல்லாத்தான் ஓட்டுற."